வெத்தலை பாக்கு வச்சுச் சொன்ன கட்டண உயர்வு

மெம்பர்களுக்கு ஒரு தகவல் சொல்லணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

நான் வாரா வாரம் டவுன் பஸ்ஸை வச்சு ஒரு பக்கம் கார்ட்டூன் வரையிறவன். ஒரு கண்டக்டர், நாலு பயணி, ஒரு சில்லறைச் சண்டை. வெள்ளிக்கிழமை யார் வேணா இலவசமா பார்க்கலாம். மாசம் அம்பது ரூபாய் கட்டி மெம்பர் ஆனவங்க வியாழக்கிழமையே பார்க்கலாம். ஒரு நாள் முன்னாடி பார்த்து என்ன பண்ணப்போறாங்கன்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது.

இந்த மெம்பர் சமாச்சாரத்தை எல்லாம் ஒரு தளம் பார்த்துக்குது. அதுல நான் 'படைப்பாளி'. பணம் கட்டுறவங்க 'ஆதரவாளர்கள்'. எனக்கு மொத்தம் முப்பத்தி நாலு ஆதரவாளர்கள். கிட்டத்தட்ட எல்லாருமே சொந்தக்காரங்க. விசேஷ வீட்டுல பந்தி முடிஞ்சு அசந்து உக்காந்திருக்கிற நேரமா பார்த்து, "ஒரு நிமிஷம் போனைக் குடுங்க"ன்னு வாங்கி நானே சேர்த்துவிட்டது. "சரி, என்னமோ போடு"ன்னு அவங்க சொன்னதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

போன பொங்கலுக்கு என் வீட்டுக்காரி மீனா ஒரு நிபந்தனை போட்டா. "இருவது பேருக்குக் கீழ போச்சுன்னா படம் வரையிறத மூட்டை கட்டிட்டு, எங்க அண்ணன் ஹார்டுவேர் கடையில போயி உக்காந்துரணும்."

நான் சரின்னுட்டேன். மச்சான் பக்கத்துலதான் இருந்தார். அவர் பழனிக்குப் போனப்ப ரெண்டு நாள் அந்தக் கடையைப் பார்த்துக்கிட்டது நான்தான். அந்த ரெண்டு நாளைப் பத்தி அவர் இதுவரைக்கும் வாயே திறந்தது இல்லை.

இப்ப தளத்துல இருந்து ஒரு மெயில். இத்தனை நாளா அவங்க கட்டணத்தை எனக்கு வர்ற காசுல பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து அதை மெம்பர் தலையில வைக்கப்போறாங்களாம். அம்பது கட்டுறவர் இனி அம்பத்தி நாலு கட்டணும். ஏன்னா, 'படைப்பாளிகளின் நலன் கருதி'.

படைப்பாளிகள் வாட்ஸ்அப் குரூப் பத்திக்கிச்சு! கேக் செய்யச் சொல்லிக்குடுக்கிற கோயம்புத்தூர் அக்கா 'பச்சைத் துரோகம்'னு போட்டாங்க. கதை வாசிக்கிற ஒருத்தர் பன்னெண்டு பத்தியில திறந்த மடல் எழுதினார். கிடார் வாசிக்கிற ஒருத்தர் தளத்தை விட்டே வெளியேறுறதா அறிவிச்சுட்டு, மதியச் சாப்பாட்டுக்குள்ள திரும்பி வந்துட்டார். நான் 'வன்மையாகக் கண்டிக்கிறேன்'னு போட்டேன். அதுக்கு ரெண்டு கட்டைவிரல் விழுந்துச்சு. அதுல ஒண்ணு என்னோடது.

கடைசியில கேக் அக்காதான் வழி சொன்னாங்க. "தளம் சொல்றதுக்கு முன்னாடி நாமளே நம்ம மெம்பர்கிட்ட நேர்மையா சொல்லிடணும். அப்பத்தான் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

எல்லாரும் ரெண்டு வரி பதிவு போட்டு வேலையை முடிச்சாங்க. நானும் ரெண்டு வரி டைப் பண்ணிட்டேன். அனுப்பப் போற நேரம் பார்த்து மீனா எட்டிப் பார்த்தா.

"இதப் போயி போன்லயா சொல்லப்போறீக? ஒரு காதுகுத்துன்னாலும் வீடு தேடிப்போயி மொகத்தப் பாத்துச் சொன்னாத்தான் நம்ம பக்கம் மரியாத. கல்லல் சித்தப்பாவுக்குப் பத்திரிகையத் தபால்ல விட்டதுக்கு அஞ்சு வருசம் நம்ம வாசல மிதிக்கல. மறந்துட்டீகளா?"

மறக்கலை. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்லை. நேர்ல போங்கன்னுதான் சொன்னா. மத்ததெல்லாம் என் சொந்த மூளை.

வாயில சொன்னா மறந்துடுவாங்கன்னு ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'அன்புடையீர், நிகழும் மாதம் நிறைவுற்று வருகின்ற ஒன்றாம் தேதி முதல்...'னு ஆரம்பிச்சு, கட்டண உயர்வைப் பத்தி நல்ல தமிழ்ல நாலு வரி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில குடுத்தேன். கடைக்காரர் அட்டையில அடிச்சு, கவருக்குள்ள போட்டுக் குடுத்தார். பார்த்தா, கவர்ல என் பேருக்கு மேல 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு இருக்கு.

"இது எதுக்குண்ணே?"

"அது இல்லாட்டி அடியில வெறிச்சுன்னு இருக்கு தம்பி."

கவர் நாலு மூலையிலயும் மஞ்சள் தடவினது மட்டும் நான். கை பாட்டுக்குத் தடவிருச்சு. வெறுங்கையோட போகக் கூடாதேன்னு ஒரு எவர்சில்வர் தட்டு, வெத்தலை பாக்கு, வாழைப்பழமும் பையில போட்டுக்கிட்டேன்.

முதல்ல கல்லல். சித்தப்பா தட்டைப் பார்த்ததுமே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார்.

"அடியே, நம்ம சேகர் வந்திருக்கான் பாரு! தட்டோட வந்திருக்கான்! எந்த மண்டபம்டா?"

"மண்டபம் இல்ல சித்தப்பா. மாசம் அம்பது ரூபாய் கட்டுறீகள்ல, அது அம்பத்தி நாலு ஆகுது."

"யாரு கட்டுறா?"

"நீங்கதான்."

"யாருக்கு?"

"எனக்கு."

சித்தப்பா துண்டைத் தோள்ல இருந்து இறக்கினார். "போன தீபாவளிக்கு என் போன்ல ஏதோ போட்டியே, அதா? கிரிக்கெட்டுப் பாக்கப் போட்டுவிட்டேன்னுல்லடா நெனச்சேன்! அதான் இத்தன நாளா ஒரு மேட்சும் வரல!"

"அதுல கார்ட்டூன் வரும் சித்தப்பா."

"நிப்பாட்டு."

அவருக்கு நிப்பாட்டத் தெரியலை. சேர்த்துவிட்ட கையாலயே நான்தான் அமுக்க வேண்டியதாப் போச்சு. தளம் லேசுல விடுதா? 'ஏன் விலகுகிறீர்கள்?'னு கேட்டுச்சு. வாசிச்சுக் காட்டச் சொன்னார். 'பணச் சுமை', 'நேரமின்மை', 'படைப்பின் தரம் திருப்தி இல்லை'ன்னு வாசிச்சேன்.

"நீ என்ன போடுற?"

"நேரமின்மைன்னு போட்டுறவா சித்தப்பா?"

"நான் நாள் பூரா சும்மாதானடா இருக்கேன். பொய் சொல்லக் கூடாது. அந்த மூணாவதைப் போடு."

போட்டேன். எனக்கு நானே போட்டுக்கிட்டேன்! கல்லல்ல இன்னும் ரெண்டு வீடு. ரெண்டுலயும் இதே கதை. ஒரு வீட்டுல மோர் குடுத்தாங்க.

அடுத்து கோவிலூர் அத்தை. அத்தைக்கு என் மேல உயிர். தட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "நான் முந்துன நாளே வந்துருவேன்யா, அடுப்படிக்கு ஆளு வேணும்ல"ன்னாங்க. விஷயத்தைச் சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு. ஆனா அத்தை கோவிக்கலை.

"நாலு ரூபாய்க்காய்யா இந்த வெயில்ல வந்த?" முந்தானை முடிச்சை அவுத்து ஒரு பத்து ரூபாயை எடுத்து என் கையில திணிச்சாங்க. "வச்சுக்க. அந்த அம்பத நிப்பாட்டிரு. இந்த நாலு ரூபாய மட்டும் மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போ. அதச் சாக்கா வச்சு ஒன்னயப் பாத்த மாதிரியும் இருக்கும்."

அதையும் நானே அமுக்கினேன். அதே தெருவுல அத்தையோட கொழுந்தனார் வீட்டுலயும் அமுக்கினேன். விரல் பழகிருச்சு.

திரும்புற வழியில பஸ் ஸ்டாப்ல மாரியப்பன் நின்னார். நிஜமாவே டவுன் பஸ் கண்டக்டர். நான் சேர்த்துவிடாம தானா வந்து சேர்ந்த ஒரே மெம்பர். தட்டை எடுக்கவே பயமா இருந்துச்சு. வாயாலேயே சொன்னேன்.

"நாலு ரூபாதானண்ணே, போகட்டும். வியாழக்கிழம நைட்டு ட்ரிப் முடிஞ்சதும் டிப்போவுல எல்லாருமா ஒக்காந்து ஒங்க படத்தத்தான் பாப்போம். ஆனா ஒண்ணு. கண்டக்டர் பையத் தோள்ல மட்டும் தொங்கப் போடுறீக. நாங்க குறுக்க மாட்டுவோம்ணே. இல்லாட்டி பிரேக் போட்டா சில்லற பூரா கொட்டிரும்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் படத்தை உத்துப் பார்க்கிற ஒரு ஆள்! ரெண்டு வருஷமா பையைத் தப்பா வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். அதையும் பொறுத்துக்கிட்டுப் பார்த்திருக்காங்க.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல் வரைக்கும்தான். போன் அடிச்சுச்சு. பெரியப்பா மகன் சுப்பையா அண்ணன்.

"கல்லலுக்கு வண்டி போகுது, கோவிலூருக்குப் போகுது. ரெண்டு தெரு தள்ளி இருக்குற எங்க வீட்டுக்கு வர ஒனக்கு வழி தெரியல, என்ன?"

"அண்ணே, விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே..."

"மஞ்சத் தடவுன கவரக் கல்லல் சித்தப்பா போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. நல்வரவை விரும்பும்னு எழுதியிருக்கு. விசேஷம் இல்லையாம்! வீடு தேடி வந்து சொல்லாத ஆளுக்கு நான் எதுக்கு மெம்பரா இருக்கணும்?"

அண்ணனுக்குப் போன் நல்லாத் தெரியும். அவரே அமுக்கிட்டார். அமுக்கிட்டு, குடும்ப குரூப்லயும் எப்படி அமுக்குறதுன்னு படம் போட்டு விளக்கிட்டார். நான் போய்ச் சொன்ன வீடு பூரா சொன்னதால போச்சு. போகாத வீட்டுல, குரூப் பார்க்கிற பத்துப் பேர் சொல்லாததால போச்சு!

என்ன விசேஷம்னு மட்டும் யாருக்கும் தெரியலை. ஆனா ஒண்ணாந்தேதின்னு ஊருக்கே தெரிஞ்சுருச்சு. ஒரு சமையல்காரர் கூப்பிட்டு, "பந்திக்கு எத்தன எலைங்கய்யா?"ன்னு கேட்டார்.

சாயங்காலம் தளத்துல இருந்து இன்னொரு மெயில். 'உங்கள் குரலைக் கேட்டோம். கட்டண மாற்றத்தைக் கைவிடுகிறோம்.'

குரூப்ல ஒரே பட்டாசு! 'நம் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி'ன்னு கதை வாசிக்கிறவர் போட்டார். கேக் அக்கா, "இந்தக் குழப்பத்துல எனக்கு ரெண்டு மெம்பர் போயிட்டாங்க, உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் ஒரு கட்டைவிரலை மட்டும் காட்டிட்டுப் போனைக் கவுத்து வச்சேன்.

மீனா வந்து போனை நிமித்திப் பார்த்தா. பத்தொன்பது.

"நாளைக்கே அண்ணன்கிட்ட சொல்லிருறேன்"ன்னா. சிரிக்கக்கூட இல்லை. டிப்போவுல உக்காந்து பார்க்கிறவங்களுக்குப் பையைச் சரியா மாட்டி ஒரு படம்கூடப் போடாம முடியப்போகுதேன்னு இருந்துச்சு.

மறுநாள் விடிஞ்சதும் மீனா போன்ல சொல்லிட்டா. கொஞ்ச நேரத்துல வாசல்ல வண்டிச் சத்தம். மச்சான். கையில தட்டு. தட்டுல வெத்தலை பாக்கு, வாழைப்பழம்.

"ஒக்காருங்க மாப்ள. போன்லயே சொல்லலாம். ஆனா சில விசயத்த மொகத்தப் பாத்துத்தான் சொல்லணும்."

"ஒண்ணாந்தேதியே வந்துறவா மச்சான்?"

"அய்யய்யோ! அதுக்குத்தான் வந்தேன்!" போனை எடுத்துக் காட்டினார். தளத்துல என் பக்கத்துல புதுசா ஒரு மெம்பர், அவர்தான். அதுவும் இருக்கிறதுலேயே பெரிய திட்டம், மாசம் ஐநூறு ரூபாய். அதுல இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா சேர்ந்தது இல்லை.

"ஏன் மச்சான் இவ்வளவு?"

மச்சான் முதல் தடவையா அந்த ரெண்டு நாளைப் பத்தி வாயைத் திறந்தார். "பழனியில இருந்து வந்து பாத்தா, பூட்டு ஒரு வீட்டுக்குப் போயிருக்கு, சாவி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கு. பில் புஸ்தகம் பூரா கண்டக்டர் படமா இருக்கு. நல்லாத்தான் மாப்ள இருக்கு. வீட்டுலேயே இருந்து வரையுங்க. எவ்வளவு ஏத்துனாலும் நான் கட்டுறேன்."

ஆக, இப்ப எனக்கு இருபது மெம்பர். ஒருத்தர் படம் பார்க்கக் கட்டுறார். ஒருத்தர் நான் கடைப்பக்கம் வராம இருக்கக் கட்டுறார். மிச்சம் பதினெட்டுப் பேருக்குத் தாங்க கட்டுறதே தெரியாது, இனிமே நேர்மைன்னு யார் சொன்னாலும் நான் போய்ச் சொல்றதா இல்லை.