வராத புறாவும் நல்ல கேள்வியும்

காலத்தை நிறுத்தி வைக்க மனித இனம் பட்டிருக்கும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அரசர்கள் கோட்டை கட்டிப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் எதையெதையோ உறைய வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் தலைக்குச் சாயம் பூசிப் பார்த்தார்கள். இத்தனை பேர் தோற்ற காரியத்தை, ஒரு சாக்பீஸைக்கூடக் கையால் தொடாமல் சாதித்துக் காட்டிய மேதை ஒருவர் உண்டு. பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பேராசிரியர்தான் அவர். இரண்டாம் மாடியில் பதினெட்டாம் எண் அறைக்குள் நுழைந்துவிட்டால், வெளியே எந்த வருடம் நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வகுப்புதான்.

மாணவர்கள் அவரை நேரில் ‘ஐயா’ என்றும் படிக்கட்டில் ‘கேசட்’ என்றும் அழைத்தார்கள். கேசட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத தலைமுறை அது. முன்னால் படித்தவர்கள் விட்டுச்சென்ற நோட்டுகளை வாங்கிக்கொண்டதைப் போலவே பெயரையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருடம் அங்கே சேர்ந்த இளையவளுக்கு வகுப்பு புதிதல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய அக்கா அதே அறையில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அக்கா அப்போது மாலையில் சுருக்கெழுத்து பழகிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு ஒரு வாய் வேண்டுமே. பேராசிரியர் நிமிடத்துக்கு எண்பது சொல் வேகத்தில், ஒரே சீராக, நடுவில் யோசிக்காமல் பேசக்கூடியவர். அக்கா ஒரு சொல் விடாமல் எடுத்தாள். அவர் இருமியபோது ‘(இருமல்)’ என்று எழுதினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபோது ‘(கண்ணாடி)’, அழுதபோது ‘(கண்ணீர்)’. ஒருநாள் ஜன்னல் வழியாக ஒரு புறா உள்ளே வந்துவிட்டது. “பாருங்கள், புறாவும் இலக்கியம் கேட்க வந்திருக்கிறது” என்றார் பேராசிரியர். அக்கா அதையும் எழுதி ‘(சிரிப்பு)’ என்று போட்டாள்.

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்தாள். பேராசிரியர் புரட்டிப் பார்த்தார். “என் மனசுல இருக்கறதை அப்படியே எடுத்திருக்கியேம்மா” என்றார். தம்முடைய பழைய கையெழுத்துக் குறிப்புகளை அன்றே தூக்கிப்போட்டுவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து அக்காவின் தட்டச்சுப் பிரதியை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். அடைப்புக்குறிக்குள் இருந்தவற்றையும் விடவில்லை. இருமல் வரவேண்டிய இடத்தில் இருமினார். அறைக்குக் குளிர்சாதனம் மாட்டி ஜன்னலை ஆணியடித்து மூடி ஒன்பது வருடமாகிறது. குளிர்சாதனம் எட்டு வருடமாக வேலை செய்யவில்லை. புறா மட்டும் வருடம் தவறாமல் வந்தது.

அந்தப் பிரதியின் கார்பன் நகல் வீட்டு அலமாரியில் இருந்தது. கூடவே அக்காவின் சொந்த நோட்டும் இருந்தது. இளையவள் இரண்டையும் ஒரு மூச்சில் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள். அங்கேதான் வந்தது வினை.

முதல் வாரத்திலேயே, பேராசிரியர் ஒரு நகைச்சுவையை நோக்கி மெல்ல நடைபோட்டுக்கொண்டிருந்தபோது, அவர் போய்ச் சேர்வதற்கு இரண்டு வாக்கியம் முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

பேராசிரியர் நிறுத்தினார். “எதுக்கும்மா சிரிச்ச?”

“நீங்க இப்ப சொல்லப்போற ஜோக்குக்கு, ஐயா.”

“நான் ஜோக் எதுவும் சொல்லப்போறதில்லையே.”

சொன்ன சொல் தவறாதவர் என்பதால் அந்த நகைச்சுவையை அவர் விட்டுவிட்டார். ஆனால் அதை விட்ட பிறகு அடுத்து எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தாள்களைப் புரட்டினார். இருமல் இல்லாத இடத்தில் இருமினார். பதினான்கு ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக வகுப்பு எட்டு நிமிடம் முன்னதாக முடிந்தது. மாணவர்கள் இளையவளைத் தோளில் தூக்காத குறை.

பேராசிரியர் தூக்கவில்லை. இன்டர்னல் மதிப்பெண் இருபத்தைந்துக்கு ஒன்பது போட்டார். பதிமூன்று எடுத்தால்தான் தேர்ச்சி. இளையவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை முடிவாகியிருந்தது. தேர்ச்சிச் சான்றிதழோடு வந்து சேரவும் என்று எழுதிய கடிதம் அவள் பையில் இருந்தது. ஒன்பது மதிப்பெண்ணோடு அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் விசிறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. குழு கவனிக்கப்போகும் இனங்களில் தலையாயது ‘மாணவர் அனுபவம்’. அனுபவத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால் அது எப்படி வேண்டுமானாலும் இருந்துவிடும் அல்லவா? ஆகவே துறைத் தலைவர் அம்மையார் ‘மாணவர் அனுபவ ஒத்திகை’க்கு உத்தரவிட்டார்.

“முன் வரிசை சிரிக்கணும். நாலு செகண்டுதான். அதுக்கு மேல போனா கேலி பண்ற மாதிரி இருக்கும்” என்றார். கண்ணீருக்கு இரண்டு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதில் ஒருவனுக்கு ஏற்கெனவே ஜலதோஷம் என்பது கூடுதல் தகுதி.

“மேடம், புறா சொல்ற இடத்துல ஜன்னலைப் பாக்கணுமா?” என்று ஒருவன் கேட்டான்.

“பாக்கணும்.”

“புறா இருக்காதே மேடம்.”

“இருந்தா என்ன செய்வியோ அதைச் செய்.”

எல்லோரும் போன பிறகு இளையவளை மட்டும் நிறுத்திவைத்தார். “நீ சிரிக்க வேண்டாம், அழ வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம். சும்மா இருக்கறதுதான் உன் அனுபவம். மார்க் லிஸ்ட் இன்னும் என் மேசையிலதான் இருக்கு. ஒன்பதைப் பதினெட்டாக்க ஒரு பேனா போதும்.”

“சும்மா இருக்கேன் மேடம்” என்றாள் இளையவள். மனதாரத்தான் சொன்னாள்.

குழுவில் மூன்று பேர். இருவர் பிஸ்கட் தட்டில் கவனமாக இருந்தார்கள். தலைவி ஒரு கணிதப் பேராசிரியை. வயதானவர், மெலிந்தவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்புவதில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கடைசி பெஞ்சில் அமர்ந்து பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார்.

அன்றைய பாடம் ஒரு சிறு கவிதை. அந்திப் பொழுது. வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். விளக்கேற்றுகிறாள், கூந்தலை முடிகிறாள், வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள். அத்தோடு கவிதை முடிந்துவிடும். பேராசிரியரின் புகழுக்கெல்லாம் மூலதனம் இந்தக் கதவுதான்.

வகுப்பு பிசிறில்லாமல் போனது. இருமல் வந்தது. முன் வரிசை நான்கு செகண்ட் சிரித்தது. பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி, “பாருங்கள், புறாவும் இலக்கியம் கேட்க வந்திருக்கிறது” என்றார். முப்பத்தாறு தலைகள் திரும்பின.

தலைவியின் தலையும் திரும்பியது. “எங்கே?”

“அங்கதான் மேடம்” என்றார்கள் நான்கைந்து பேர்.

“ஜன்னல் மூடியிருக்கே.”

“இப்பதான் பறந்துபோச்சு மேடம்” என்றான் ஜலதோஷக்காரன்.

“அது ஒரு குறியீடு” என்றார் பேராசிரியர் கனிவோடு. தலைவி எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு கதவு வந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை அந்திகள் இப்படித் திறந்து வைத்துக் காத்திருந்தாளோ அந்தப் பேதை” என்று குரல் உடையச் சொன்னார். கண்ணீர் வழிந்தது. கைக்குட்டையால் ஒற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சை நோக்கி நிமிர்ந்து, “நல்ல கேள்வி. அடுத்த வகுப்பில் பார்க்கலாம்” என்றார்.

வருடாவருடம் இந்த இடத்தில் இப்படிச் சொல்வார். ஒருவரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். மாணவர்களின் உள்ளத்தில் எழும் கேள்வி அவர் காதில் விழுகிறது என்பது துறையின் நம்பிக்கை. ‘கேட்கப்படாத கேள்வியின் அழகியல்’ என்று ஓர் ஆய்வு மாணவர் இதை வைத்தே பட்டம் வாங்கிப் போய்விட்டார். கணிதத்தில் அப்படியெல்லாம் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

“ஒரு நிமிஷம்” என்றார் தலைவி. “கேள்வியை நான் கவனிக்கலை. யார் கேட்டது?”

பேராசிரியர் வகுப்பைப் பார்த்தார். வகுப்பு பெஞ்சைப் பார்த்தது. வாசலில் நின்ற துறைத் தலைவர் இளையவளை மட்டும் பார்த்தார்.

இளையவள் பதினெட்டு மதிப்பெண்ணை நினைத்தாள். பையிலிருந்த கடிதத்தை நினைத்தாள். மடியில் அக்காவின் நோட்டு இருந்தது. தட்டச்சுப் பிரதியில் இல்லாத ஒரு வரி அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. ஐயாவின் பொன்மொழிகளுக்கு நடுவே தன் வாய் எதற்கு என்று, பிரதி எடுக்கும்போது அக்கா தன் கேள்வியை மட்டும் விட்டுவிட்டாள். அதற்கு அவர் ‘நல்ல கேள்வி’ என்று சொன்னதை விடவில்லை. ஓரத்தில் இடம் கேட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தபோது இளையவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பேராசிரியர் மீது பாதி, அக்கா மீது பாதி. எழுந்து நின்றாள்.

“எங்க அக்கா கேட்டா மேடம்.”

“அக்கா எங்க உக்காந்திருக்காங்க?”

“ஆஸ்பத்திரியில மேடம். ரெகார்டு செக்‌ஷன்ல வேலை.”

“அப்ப இங்க எப்படிக் கேட்டாங்க?”

“இன்னைக்குக் கேக்கலை மேடம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி கேட்டா.”

தலைவி பென்சிலைக் கீழே வைத்தார். “பதில் வந்துதா?”

“அடுத்த வகுப்புல மேடம்.”

“என்ன கேள்வி?”

இளையவள் நோட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். “‘கதவைத் திறந்து வெச்சது அவன் உள்ள வரவா, இல்ல அவ வெளிய போகவா?’”

ஜலதோஷக்காரன்கூட மூக்கை உறிஞ்சவில்லை. பதினெட்டாம் எண் அறையில் முப்பத்தாறு பேர் முதல்முறையாக அந்தக் கவிதையைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

“எனக்குக் கவிதை தெரியாது” என்றார் தலைவி. “ஆனா கேள்வி நல்லாப் புரியுது. சொல்லுங்க ஐயா. வரவா, போகவா?”

பேராசிரியர் தாளைப் பார்த்தார். அடுத்த வரி ‘(மணி அடிக்கிறது)’ என்றிருந்தது. ஒத்திகை பார்த்த வகுப்பு அன்று வேகமாக ஓடியிருந்ததால், மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கவிதையில் வந்த பெண்கூட அவ்வளவு நேரம் காத்திருந்திருக்க மாட்டாள். மணி அடித்ததும் தாள்களை அடுக்கிக்கொண்டு நிமிர்ந்த நடையோடு வெளியேறினார்.

அன்று மாலை அக்கா கேட்டாள், “பதில் சொன்னாராடி?”

“இல்லக்கா.”

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். தன் எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததா என்று கேட்டாள். நோட்டை மூடிவைத்துவிட்டு, “நாளைக்கு உன்கிட்ட யாராவது கேட்டா நீயாவது சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு” என்றாள்.

“நான் அந்த ஆள் மாதிரியா இருப்பேன்?” என்றாள் இளையவள்.

மூன்று வாரத்தில் குழுவின் அறிக்கை வந்தது. எழுதியவர்கள் பிஸ்கட் உறுப்பினர்கள் இருவர். இலக்கியத் துறைக்கு மிக உயர்ந்த தரம். ‘ஒரே கேள்வியைப் பதினான்கு ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கும் கற்பித்தல்’, ‘காணாத புறாவையும் காணச் செய்யும் கற்பனைப் பயிற்சி’, ‘மாணவர் சிந்தனைக்கு வழிவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கும் பதினோரு நிமிட நவீன முறை’ என்று வரிக்கு வரி புகழ். தலைவியின் கருத்து பின்னிணைப்பில் ஒரே வரியாக இருந்தது: ‘பதில் வரவில்லை.’ பின்னிணைப்பை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? பேராசிரியருக்கு விருதும் சால்வையும் கிடைத்தன. அவர் ஏற்புரை வழங்கினார். நடுவில் இருமினார்.

அறிக்கையில் பாராட்டப்பட்ட ‘மாணவர் பங்கேற்பை’த் தேர்வில் தோற்கடித்தால் நன்றாக இருக்காது என்பதால், இளையவளுக்குச் சரியாகப் பதிமூன்று போட்டார்கள். “பதினெட்டே போட்டிருப்பேன். நீதான் சும்மா இருக்கலை” என்று துறைத் தலைவர் வருத்தப்பட்டார்.

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். இளையவள் ஓடாத குறையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று பாடம் பின்தங்கியிருந்தது, சோதனைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று பேச்சு. முன்பிருந்த ஆசிரியை விட்டுச்சென்ற குறிப்பு நோட்டு கைக்கு வசதியாக இருந்தது. அன்றைய பாடம், குற்றமில்லாத ஒரு தோட்டக்காரனை ராஜா சிறையிலிருந்து விடுவித்து, பெருந்தன்மையோடு மன்னிக்கும் கதை. மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“டீச்சர், அவன்தான் தப்பே பண்ணலையே. ராஜா எப்படி அவனை மன்னிப்பாரு? அவன்தானே ராஜாவை மன்னிக்கணும்?”

வகுப்பு திரும்பிப் பார்த்தது. இளையவள் குறிப்பு நோட்டைப் பார்த்தாள். அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. லேசாக இருமினாள்.

“நல்ல கேள்வி” என்றாள். “அடுத்த வகுப்பில் பார்க்கலாம்.”

சிறுமி தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பேராசிரியரிடம் படித்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை என்று வாய் கூசாமல் பேசித் திரிகிறவர்கள், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.