தனபாலுக்குப் பாடை கட்டிய தேர்தல்

உயிரோடு, அதுவும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் பாடை கட்டினேன். சாவு மேளம் வைத்து, பொரி இறைத்து ஊர்வலமும் விட்டேன். அதன் பலனாக எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பமே ஒரு ராத்திரி கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருந்தது. இதைச் செய்தபோது நான் குடித்திருக்கவில்லை. பி.ஏ. படித்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் கேட்டருகே ஜன்னலைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, தாமதமாக வருகிறவர்களுக்கு லேட் மார்க் போடுவது என் வேலை. தொழிலாளர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'பி.ஏ.' என்பார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ராயபுரத்தில் என் அக்கா வீட்டில். அக்காவின் கணவர் சவரிமுத்து மாமாவும் அதே தொழிற்சாலையில்தான் ஃபிட்டர்.

எங்கள் தொழிற்சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பழைய தலைவர் நிர்வாகம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்து சுளுக்கிக்கொண்டவர். அவரை இறக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆனால் எதிர்த்து நிற்க இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். ஒருவர் சவரிமுத்து மாமா. இன்னொருவர் சங்கத்தின் துணைச் செயலாளர் தனபால் அண்ணன். போன தேர்தலிலும் இப்படித்தான் எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்து, பழையவரே மறுபடி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் நுழைந்தேன். அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு முன்தேர்தல் வைக்கிறார்கள், ஜெயித்தவர் நிற்பார், தோற்றவர் ஒதுங்கி அவருக்கே வேலை செய்வார் என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். (அந்த ஊரில் இதெல்லாம் எவ்வளவு சிக்கல் என்று இப்போது தெரிகிறது. அப்போது அரைப் பக்கம் படித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.) டீக்கடையில் இருவரையும் உட்கார வைத்து விளக்கினேன்.

"அப்போ ஒரே எலெக்சனுக்கு ரெண்டு தபா ஓட்டு போடணுமா பி.ஏ.?" என்றார் தனபால் அண்ணன்.

"ஆமாண்ணே. மொதல்ல நமக்குள்ள. அப்புறம் அவங்களோட."

"பொண்ணு பாக்க போறதுக்கு மின்னாடி அண்ணன் தம்பிங்க எவன் மாப்ளன்னு வூட்லயே பேசிக்கிற மாதிரி. நல்லாத்தான் கீது."

மாமாவும் சரி என்றார். இதற்குள் நான் அமெரிக்க அரசியலில் ஒரு புலி என்ற பெயர் டீக்கடை எல்லைவரை பரவியிருந்தது.

வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கொட்டகையில் ஓட்டுப்பதிவு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக உட்கார வைத்தோம். பெரிய பிஸ்கட் டின்னில் மூடியைத் துளைத்து ஓட்டுப்பெட்டி. பத்துப் பதினைந்து பேர் வந்தால் அதிகம் என்று பயந்துகொண்டிருந்தேன். மாதா கோயிலில் பூசை முடித்து ராயபுரத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை கொட்டகையைச் சுற்றிக்கொண்டு சாக்கடைவரை போயிருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் தூங்காமல் வந்திருந்தார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவரை மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளி வந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஓட்டுப்பதிவு கூடினால் மக்கள் மாற்றம் கேட்கிறார்கள் என்று பொருள். இதுவும் பத்திரிகையில் படித்ததுதான். தனபால் ஏற்கெனவே பதவியில் இருப்பவர். மாமா புதியவர். ஆகவே இது மாமா அலை. சந்தேகத்துக்கு இடம் வேண்டாமென்று, ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தேன்.

"யாருக்குப் போட்டே?"

"இன்னா பி.ஏ. இப்டி கேட்டுட்டே! உங்க மாமாவுக்குத்தான்!"

அடுத்தவரும் மாமாவுக்கு. அதற்கடுத்தவரும். ஒரு வயதானவர் நான் கேட்பதற்கு முன்பே மாதா மேல் சத்தியம் செய்தார். தனபால் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர்கூட இல்லாதது ஏன் என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. பூரித்தேன்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். ஐந்து மணிக்கு எண்ணலாம் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் டின்னின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தூங்கப் போனார். நான் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, ஜெயிச்சாச்சு!"

"எண்ணட்டும்டா மச்சான்" என்றார் அவர்.

எனக்கு அந்த இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை. தேர்தலில் தோற்றவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விடுவது எங்கள் பக்கத்தில் அப்போது சாதாரணம். முடிவு வந்த பிறகு செய்வார்கள். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். மாமாவுக்குச் சொல்லாமல் நாலு வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு மூங்கில் கட்டி, வைக்கோலில் ஓர் ஆள் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, முகத்துக்குத் தனபால் அண்ணனின் தேர்தல் நோட்டீஸை ஒட்டினேன். அந்த நோட்டீஸில் அவர் படம் பளிச்சென்று விழுந்திருந்தது. கழுத்தில் சாமந்தி மாலை. மேளக்காரர்கள் வந்தார்கள்.

"யாரு சார் செத்தது?" என்று மேளத் தலைவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"எலெக்சன்ல செத்தவரு. நல்லா அடிங்க."

அவர்கள் தொழிலில் குறை வைக்கிறவர்கள் இல்லை. நெடுஞ்சாலை அதிர்ந்தது. தீச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான்தான். எங்களுக்குப் பின்னால் எண்ணூர் போகும் பஸ் ஒன்று வழி கிடைக்காமல் ஊர்ந்து வந்தது. அதில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு ஊர் திரும்பும் பெண்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பாடையைப் பார்த்து அலறினாள்.

"அய்யய்யோ! நம்ம முனிம்மா தம்பிடீ! தனபாலு!"

அடையாளம் தெரிகிற அளவுக்குப் பாடை அமைந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவளைப் பார்த்துக் கையசைத்தேன். இன்றைக்கும் ராத்திரியில் விழிப்பு வந்தால் நினைவுக்கு வருவது அந்தக் கையசைப்புதான்.

ஐந்து மணிக்கு டின்னைத் திறந்தார்கள். தனபால் பெயர்ச் சீட்டுகள் இட்லிக் குண்டான் உயரத்துக்கு ஏறின. மாமாவின் சீட்டுகள் ஒரு தோசைக் கனத்தோடு நின்றுவிட்டன. தனபால் அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டு மூலையில் அமைதியாக நின்றிருந்தார். மாமா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் நமக்குத்தான் போட்டேன்னாங்க மாமா" என்றேன்.

"காலைல ஜன்னல்ல ஒக்காந்து லேட் மார்க் போடறவன் நீ. நீ கேட்டா எவன்டா மாத்திச் சொல்லுவான்?"

பி.ஏ. பாடத்திட்டத்தில் இது இல்லை.

"சரி, தனபாலு வூட்டுக்குப் போய் ஒரு மாலை போட்டுட்டு வரலாம். ஆமா, அப்போ ஒரு சாவு மேளம் போச்சே, யார்டா?"

தீச்சட்டிக் கரி படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

தனபால் அண்ணன் வீட்டுத் தெருவுக்கு நாங்கள் போனபோது அவரைத் தோளில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வெற்றிக்கு மேளம் வேண்டும் என்று அவசரமாகப் பிடித்து வந்தது அதே மேளக்காரர்களை. அவர்களும் கை சூடு ஆறாமல் அதே அடியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. ஆண்களும் பெண்களுமாகக் குப்பமே குதித்து இறங்கியது. முன்னால் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். தனபால் அண்ணனின் அக்கா முனியம்மா.

"என்னப் பெத்த ராசா! எங்களை வுட்டுட்டுப் போயிட்டியேடா!"

கூட்டம் விலகியது. கழுத்து நிறைய மாலையோடு தோளின் மேல் உட்கார்ந்திருந்த தம்பி, குனிந்து பார்த்து, "யக்கா, எங்கக்கா போயிட்டேன்? ஜெயிச்சிட்டேன்க்கா!" என்றார்.

முனியம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள். தம்பியைக் கீழே இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் கேட்டாள்: "உசுரோட கீறவனுக்கு எவன்டா பாடை கட்னது?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஓட்டைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னவர்கள் இப்போது மௌனத்திலேயே உண்மையைச் சொன்னார்கள்.

அவள் என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"படிச்ச புள்ள மாதிரி கீற. எங்க குப்பத்துல சாவுன்னா ஒருத்தனும் தண்ணில கால் வெக்க மாட்டான், தெரியுமா? வலைய ஏத்திகினு கட்டுமரம் தள்ற நேரம். அப்டியே கவுத்துப் போட்டுட்டு வந்துகினோம். ஒரு வாரமா இப்பத்தான் மீன் பட்டுகினு கீது. இன்னிக்கு ராவு போச்சு. புள்ளைங்களுக்கு நாளைக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது?"

லாரி திரும்பிப் போய்ச் சேரும்போது நேரம் தப்பிவிட்டது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் அன்று ராத்திரி கூடை கூடையாக வாரினார்கள். மறுநாள் காற்று திரும்பி மீன் போய்விட்டது. இதை எனக்கு வந்து சொன்னவர் தனபால் அண்ணன்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மாமாவோடு குப்பத்துக்குப் போனேன். மணலில் பஞ்சாயத்து கூடியிருந்தது. என் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். குப்பத்துத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கடல் குட்த்திருக்க வேண்டியத நீ குடுப்பியா நைனா? துட்டு வாணாம். எறங்கி வலைய இழு."

கரைவலையின் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பேண்ட்டை முழங்கால்வரை மடித்த நான். ஈரக் கயிறு உள்ளங்கையை உரித்து எடுத்தது. இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை வலையோடு சேர்த்து என்னையும் இழுத்தார்கள். கடைசியில் வலை கரையேறியபோது உள்ளே இருந்தது பெரும்பாலும் சொறி. கூழ் மாதிரி வழுக்கிக்கொண்டு, தொட்டால் அரிக்கும் அந்தக் கடல் ஜந்துவை யாரும் தின்ன முடியாது.

"பி.ஏ. கை பட்டதும் மீனுக்கே தெரிஞ்சிபோச்சு, எண்றதுக்கு மின்னாடியே முடிவு சொல்றவரு வந்துகீறாருன்னு" என்றாள் முனியம்மா. கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மன்னித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

அவள் வீட்டில்தான் சாப்பாடு. தட்டில் சோற்றைப் போட்டுச் சிவக்கச் சிவக்க மீன் குழம்பை ஊற்றினாள். தோலுரிந்த கையால் அதைப் பிசைந்தபோது என் கண்ணிலிருந்து கொட்டிய நீர் மனம் வருந்தியதால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி அது உண்மையும்கூட. மறுநாள் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. அந்த வாரம் தொழிற்சாலையில் ஒருவருக்கும் லேட் மார்க் விழவில்லை.

அசல் தேர்தலில் மாமா தனபால் அண்ணனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். அண்ணன் தலைவரானார். நானும் வேலை செய்தேன், யார் ஜெயிப்பார் என்று வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்.

வருஷங்கள் ஓடின. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் தனபால் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைகிட்ட போன்ல சொல்ல முடியாது. நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க சித்தப்பா" என்றான். போனேன்.

முனியம்மா கரையில் வலைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. படகுகள் கிளம்பத் தயாராக இருந்தன. "அக்கா, தனபால் அண்ணன் போயிட்டாரு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா பி.ஏ., மறுபடி எலெக்சனா? டேய், தள்ளுங்கடா போட்டை. ஒரு தபா ஏமாந்தோம், போதும்!"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"இந்த வாட்டி நெசமா?"

தலையசைத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே பின்னால் படகுகளை மேலே ஏற்றும் சத்தம் கேட்டது.

சாவு வீட்டில் அவள் ஓயாமல் அழுதாள். அழுகைக்கு நடுவே, உள்ளே வந்த ஒவ்வொரு உறவுக்காரரிடமும் என்னைக் கைகாட்டி அறிமுகம் செய்தாள்: "இவருதான். என் தம்பிக்கு ரெண்டு வாட்டி சாவு சொன்னவரு." எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

போன மாதம் அவள் பேரன் தன் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தது என் மனைவி. "ரெண்டு வாட்டி சாவு சொன்ன தாத்தா கீறாரா?" என்று கேட்டிருக்கிறான். "கீறாரு, உள்ள வாப்பா" என்றாளாம் என் மனைவி, ஒரு கணம்கூட யோசிக்காமல்.