பூண்டுத் தோட்டத்துக்கு வந்த டெஸ்ட் லாரிகள்

கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்கிறவன் எந்தப் பரீட்சையிலும் தோற்பதில்லை. நான் அப்படி ஜெயித்துக்கொண்டிருந்த காலம் அது.

பெருமாள்மலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். காய்கறி ஏற்ற லாரி கேட்கும் கிளையன்ட் புரோகிராம், 'சரி, அனுப்புகிறேன்' என்று பதில் சொல்லும் சர்வர், இரண்டையும் ஜாவாவில் எழுதியவன் நான். சோப் வெப் சர்வீஸ் என்று பெயர். (குளிக்கிற சோப்பு இல்லை. என் மாமனார் இன்றும் நம்பவில்லை.) சோதித்துப் பார்க்க என் லேப்டாப்பிலேயே ஒரு பொய் சர்வர் வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் உடனே 'சரி' என்னும். அப்படி ஒரு மாமனார் கிடைக்கவேண்டும் என்பதே அப்போது என் ஏக்கம். ஏனென்றால், பள்ளங்கியில் பூண்டு போடும் பொன்னுச்சாமி தன் மகள் தேன்மொழியை எனக்குத் தருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் முதலாளி, "நெசமான சர்வர்ல ஒரு தடவ போட்டுப் பாருப்பா. புக் ஆச்சுன்னா ஒடனே கேன்சல் பண்ணிரு" என்றார். விவசாயி பெயர் கேட்ட இடத்தில் கை தானாகப் பொன்னுச்சாமி என்று அடித்தது. அன்று மலையெல்லாம் மஞ்சு மூடி, நெட் விட்டு விட்டு வந்தது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று கிளையன்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த மேதையும் நானே. அது கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. எதுவும் போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி, பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன்.

கேள்வி ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்பி வராதது பதில் மட்டும்தான்.

மறுநாள் வெள்ளனே முதலாளி போன் செய்தார். "ஏலே, பள்ளங்கி ரோடு பூரா நம்ம லாரியாத்தான் நிக்குது. வெரசாப் போ!"

போனால், பொன்னுச்சாமி தோட்டத்தின் முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அதைவிடக் கொடுமை, 'எதுக்கும் யோசிக்கிற பொன்னுச்சாமியே லாரி கூப்பிட்டுட்டாரு, வெல ஏறிருச்சு போல' என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் பூண்டு பிடுங்க இறங்கிவிட்டார்கள். (முற்றாத பூண்டு!) "பிடுங்காதீங்கய்யா! நான் யாரையும் கூப்பிடல!" என்று அவர் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

கல்யாணம் போச்சு என்று முடிவுகட்டினேன். டிரைவர்களைக் கெஞ்சித் திருப்பி அனுப்பிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"டெஸ்ட்டுக்குப் போட்டதுங்க..."

"ஏம்ப்பா, போடுறதுக்கு வேற பேரே கெடைக்கலையா?"

"பொண்ணு தரமாட்டீங்களோன்னு பயந்துகெடந்தேங்க. எந்நேரமும் உங்க பேருதான் மனசுல ஓடுச்சு."

முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வாரமே சம்மதம் சொல்லிவிட்டார்.

முகூர்த்தத்தில் நான் தாலியைக் கையில் எடுத்ததும், மேளக்காரரைக் கையமர்த்திவிட்டு மாமனார் சத்தமாகக் கேட்டார்: "மாப்ள, இது நெசமா, டெஸ்ட்டா?"

மண்டபமே சிரித்தது. இன்றும் நான் 'பாத்திரத்தை நானே தேய்க்கிறேன்' என்றால் தேன்மொழி அதையேதான் கேட்கிறாள். நான் பதில் சொல்லாவிட்டால், மறுபடி கேட்கிறாள்.