மேனேஜர் முதுகில் யாருடைய பை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பைக்கடைக்காரன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி நலம். உங்கள் மருமகள் நலம். உங்கள் மகனுடைய நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தரப்பு பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள். விஷயம் எங்கள் நாய் மேனேஜரைப் பற்றியது. நாலு வருஷத்துக்கு முன்பு, மழையில் நனைந்துகொண்டு கடைக்குள் ஓடிவந்த குட்டி, காட்சிக்குத் திறந்து வைத்திருந்த பயணப்பெட்டிக்குள் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "இவ்வளவு மெத்துனு இருக்கா?" என்று கேட்டு அந்தப் பெட்டியையே வாங்கிப் போனார். அன்றைக்கே மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டேன். அதிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு உட்காருமிடம். அளவுக்கு மீறிப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துக் கொட்டாவி விடுவான். அவர்களும் கூச்சப்பட்டு வாங்கிப் போவார்கள். இப்படியிருந்தவனை, கல்யாணமாகி எங்கள் மாடிக்குக் குடிவந்த உங்கள் மகன் ஒரே வருஷத்தில் மாற்றிவிட்டார்.

மண் பரிசோதனைக் கூடத்தில் ஆறு நாள் மண்ணைப் பார்க்கிற மனுஷன் ஏழாவது நாளாவது வீட்டில் இருக்கக் கூடாதா? ஞாயிறு விடிந்தால் மலை. முதல் தடவை, "மாமா, இவனையும் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். போகட்டும், ஒரு நாள்தானே என்றேன். சாயங்காலம் உடம்பெல்லாம் முள்ளும் சேறுமாக வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாலு வருஷத்தில் என் கடையில் நான் பார்த்ததில்லை, சம்பந்தி. அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்புகிறான். மாடிப்படியில் மாப்பிள்ளை ஷூ போடுகிற சத்தம் கேட்டால் வால் நுனிவரை எழுந்து நிற்கிறது. வாடிக்கையாளர்கள் வந்து "மேனேஜர் லீவா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இதையாவது பொறுத்துக்கொண்டேன். போன மாதம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பை. பைக்கடைக்காரன் வீட்டுக்கு வெளியிலிருந்து பை! "மேனேஜருக்குத்தான் மாமா. மலை ஏறுறப்போ அவன் தண்ணியையும் பிஸ்கட்டையும் அவனே சுமப்பான்" என்கிறார் உங்கள் மகன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றேன். "இது வேற மாதிரிப் பை மாமா, உங்க கடையில இருக்காது" என்றார். இருபத்திரண்டு வருஷம், சம்பந்தி! தெருவில் துணி விரித்துப் பை விற்று, இன்றைக்கு இரண்டு கடை. என்னைப் பார்த்து, இருக்காதாம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவியோ, "நாய் ஒரு பை மாட்டிக்கிட்டதுக்கா இந்த மூஞ்சி? அவர் உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரணுமா?" என்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் சினிமாவுக்குப் போயிருந்தபோது மாடிக்குப் போய் அந்தச் சிவப்புப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன். இரட்டைத் தையல். ஜிப் தண்ணீர் பட்டாலும் சிக்காது. முதுகில் கைப்பிடி வேறு, பள்ளத்தில் விழுந்தால் தூக்குவதற்கு. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

மறுநாளே என் தையல்காரரைக் கூப்பிட்டு, இதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். அளவெடுக்கப் போனால் மேனேஜர் என்னிடம் நிற்கமாட்டேன் என்கிறான். கடைசியில் மாப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் ஒரு விரலை நீட்டினார், இவன் சிலையாக நின்றான். பிடித்துக்கொண்டே எனக்குப் பாடம் வேறு: "முன்னங்காலுக்குப் பின்னாடி மார்புச் சுத்தளவுதான் மாமா முக்கியம். வாருக்கு அடியில ரெண்டு விரல் நுழையணும். கனம் அவன் எடையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், இல்லன்னா சரிஞ்சிரும்." பை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு! எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். நல்ல தகவலை வீணாக்குகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அவர் பையில் இரண்டு அறை என்றால் என் பையில் ஆறு. தையல்காரர், "முதலாளி, லேப்டாப்புக்கும் ஒரு அறை வச்சிரவா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அறை வைத்தாகிவிட்டது.

போன ஞாயிறு நானும் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் என் கையாலேயே மாட்டிவிட்டேன். நீல நிறம், வெள்ளை விளிம்பு. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேனேஜர் ஒரு அடி வைத்தான். முதுகில் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தான். இன்னொரு அடி, மறுபடி சரசர. எவனோ பின்னாலேயே வருகிறான் என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தான், பிறகு எடுத்தான் பாருங்கள் ஓட்டம், நேராக மாப்பிள்ளை கால்களுக்கு நடுவே புகுந்து நடுங்கிக்கொண்டு நின்றான். அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளேயிருந்து கசக்கிய பழைய செய்தித்தாள் உருண்டை உருண்டையாக விழுந்தது. பை புடைப்பாகத் தெரிய உள்ளே தாள் திணித்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். கை தானாகத் திணித்திருக்கிறது, எடுக்கத்தான் மறந்துவிட்டது. கடைசி அறையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அட்டை வேறு. உங்கள் மகன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். "பரவாயில்ல மாமா, புதுசுன்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே தன் தோள்பையிலிருந்து அந்தச் சிவப்புப் பையை எடுத்தார். கையோடு கொண்டுவந்திருக்கிறார்! மேனேஜர் தானாக முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தான்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு வெளியூர் மாற்றல் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். வரும் வாரம் கிளம்புகிறார்கள். மேனேஜரையும் கூட்டிப்போவதாக மாடியில் பேச்சு. என் மகளை நீங்கள் முறையாகக் கேட்டு வந்தீர்கள், நானும் முழு மனசோடு கொடுத்தேன். மேனேஜரைக் கேட்டு யாரும் வரவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. இது பொறாமை என்று நினைக்காதீர்கள். சரி, நினைத்துக்கொள்ளுங்கள், பொறாமைதான். ஒரே வருஷத்தில் ஒரு மனுஷனிடமிருந்து எத்தனை பேரைத்தான் ஒருவர் கூட்டிப்போவது? பெற்ற அப்பா நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மகன் தட்டமாட்டார். நாய் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் படியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் நல்ல செய்தியோடு ஏறட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்ன மகனுக்கு என் ஆசிகள், அவராவது மலை ஏறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: இதை எழுதி உறையை ஒட்டிப் பத்து நாள் ஆகிறது. அனுப்பத் தேவையில்லாமல் போய்விட்டது என்று வைத்திருந்ததை இன்று பிரித்து மேலும் எழுதுகிறேன். ஒட்டிய அன்று மாலையே மாப்பிள்ளை இறங்கி வந்து, "மேனேஜர் உங்களோடயே இருக்கட்டும் மாமா. அவனும் இல்லன்னா வீடு உங்களுக்கு வெறிச்சுன்னு ஆயிரும்" என்றார். கேட்காமலே கொடுக்கிற ஆளிடம் என்ன பேரம் பேசுவது? அவர்கள் போய் ஐந்து நாள். சிவப்புப் பையையும் இவனுக்கென்று விட்டுப்போயிருக்கிறார். அதன்மேல் தாடையை வைத்து மாடிப்படியின் கீழே படுத்தவன்தான், கடைக்கு வருவதில்லை. தட்டில் வைக்கிற முட்டையை முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறான், மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதுபோல. மாப்பிள்ளை மாடியில் இருந்தவரை நான் போட்டி போட முடிந்தது. இல்லாத மனுஷனோடு எப்படிப் போட்டி போடுவேன்? நேற்று நானே மலைக்குக் கூட்டிப்போனேன். முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மேலே போகிற பாதையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஆகவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, நாயை வாங்கிக்கொள்ளும்படி உங்கள் மகனுக்கு நீங்களாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள். அவர் வந்து அலைய வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே வேன் பிடித்துக் கொண்டுபோகிறேன். ஒரே நிபந்தனை, மலைக்கு மாட்டுவது என் பையைத்தான். ஆறு அறையை இரண்டாகக் குறைத்தாயிற்று. புது வார் படிய ஒரு வாரம் பிடிக்கும், கூடவே இருந்து பார்த்தால்தான் சரிவரும். இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தங்க வசதி உண்டா என்று மகளிடம் மட்டும் போனில் ஜாடையாகக் கேட்டேன். "மேனேஜர் எப்படியும் வந்துருவான்னு வாசப்பக்கத்து அறையை அவனுக்குன்னு காலியா வச்சிருக்கோம். நீங்க அவன்கிட்ட கேட்டுக்கிட்டு அதுலயே படுத்துக்கங்கப்பா" என்றாள்.