மூணு பர்னர்

சமையலறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மனைவி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் கூடத்தில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டியபடி, காதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்.

"இந்த மனுஷன் என்னை ஒரேயடியா கேஸ்லைட் பண்றார்டி. இனிமே தாங்காது."

லேஸில் முடிச்சு விழவில்லை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவரைப் பற்றி அவள் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். "தாங்காது" என்று மட்டும் சொன்னதில்லை.

கேஸ்லைட் என்றதும் கேஸ் அடுப்பு லைட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இருபது தடவை அழுத்தினால் ஒரு தடவை பொறி வரும். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டு லைட்டரைக் கண்டுகொள்ளாவிட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தாங்கும்?

சாயங்காலமே புது லைட்டர் வாங்கி, பழையது தொங்கிய ஆணியில் மாட்டினார். ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடக் கூடாதே! மூச்சு விடவில்லை.

"ஏங்க, லைட்டர் புதுசா இருக்கே?"

"எது? அதேதான்."

"நம்மளுது பச்சை. இது சிவப்பு."

"எப்பவும் சிவப்புதான். உனக்குத்தான் ஞாபகம் இல்ல."

அவள் லைட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் போனில் அதே பேச்சு. "இன்னும் கேஸ்லைட் பண்றார்டி. முன்னைவிட மோசம்."

அப்படியானால் லைட்டர் இல்லை, கேஸ் அடுப்புக்கு மேலே எரிகிற லைட்! அவள் குளிக்கப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறினார். அழுது வடிந்த மஞ்சள் பல்பு போய், பளீரென்று வெள்ளை பல்பு வந்தது.

"என்னங்க, கண்ணு கூசுது?"

"இதே வெளிச்சம்தான் எப்பவும். ராத்திரி சரியா தூங்கலையா நீ?"

அப்படியும் புகார் நிற்கவில்லை. அடுத்த வாரம் அடுப்பையே மாற்றிவிட்டார்.

அவள் அடுப்பின் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணினாள். "நமக்கு ரெண்டு பர்னர்தானே?"

"மூணு. கல்யாணம் ஆனதிலேருந்து மூணு."

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. டாக்டர்கிட்ட போகலாமா?" குரல் உடைந்தது.

அன்று மதியம் மனநல ஆலோசகர் ஒருவரின் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. சிக்கியிருந்தது அந்த ஆலோசகரேதான். கதவை நெம்பி அவரை வெளியே விட்ட மெக்கானிக், அவர் நன்றி சொல்லுமுன் மடக்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். கேஸ்லைட்னா அது எந்த லைட்டு?"

"லைட்டே இல்லைங்க. செஞ்சதைச் செய்யலைன்னு சாதிச்சு, ஒருத்தருக்கு அவங்க புத்தி மேலயே சந்தேகம் வர வைக்கிறது. கொடுமையான வேலை."

"அடுப்பை மாத்திட்டு மாத்தலைன்னு சொன்னா?"

"யாருங்க அந்தப் பாவி?"

பாவி படியிறங்கி ஓடினார். தான் பாட்டுக்கு இருந்தவளைப் பைத்தியமாக்கிவிட்டோமே என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. "எல்லாத் தப்பும் என்னுதுதாம்மா" என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவள் போன் அடித்தது. தங்கைதான். முதலில் இவளிடமாவது கொட்டிவிடுவோம் என்று எடுத்தார். "ஹலோ" வெளியே வருவதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"அக்கா, மூணு பர்னர் அடுப்பே வந்துடுச்சாமே! கேஸ்லைட் போதும், நாளையிலேருந்து அவர் காதுல விழுற மாதிரி 'பிரெயின்வாஷ் பண்றார்'னு சொல்லு, வாஷிங் மெஷின் தானா வந்துடும்!"