மாப்பிள்ளை பார்க்க வந்தவரின் முழங்கால்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி அப்புவுக்கு அத்திம்பேரின் ஆசீர்வாதம். நானும் உன் அக்கா கமலாக்ஷியும் சௌக்கியம். காக்கநாட்டில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய். கடிதமென்றால் நீ தமிழை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் என் கோபமும் ஆறிவிடும்.

போன ஓணத்துக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டாய். "அத்திம்பேரே, நம்ம ஹரிக்கு நெஜத்துல என்ன ஜோலியாக்கும்?" அன்று சாயாவைக் குடித்துச் சமாளித்தேன். இப்போது அவன் கல்யாணமே அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உன் மருமான் ஹரிஷங்கர் ஃபுட்பால் டீமில் ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் கோச். பந்தைத் தொடமாட்டான். ஆடுகிறவர்களின் உடம்பில் பலம் ஏற்றி, காயம் வராமல் காப்பது அவன் பொறுப்பு. ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தினேன். பிள்ளை தேறினால் அவன் மூளை, தோற்றால் வாத்தியார். இதுவும் அப்படித்தான். ஜெயித்தால் கோல் போட்டவன், தொடை பிடித்துக்கொண்டால் ஹரி. டீம் தோற்றால் பெரிய கோச்சை அனுப்புவார்கள், அவர் பெட்டியோடு இவன் பெட்டியும் போகும். மூன்று வருடத்தில் நாலு டீம்.

இந்த நிலையில், மூன்று வாரம் முன்னால் நூறணியிலிருந்து, ஹரிக்குப் பார்த்திருக்கும் பெண் விஷ்ணுப்ரியாவின் அப்பா விசுவநாதன் மாப்பிள்ளை பார்க்க வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் வேலையைப் பார்க்க வேண்டும் என்றார், தேவரா மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஆட்டக்காரர்கள் வரிசையாக ஆளுக்கொரு சின்ன பாட்டிலை நீட்ட, ஹரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கலர் அட்டையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சர்பத்தா?" என்றார் அவர். "மூத்திரம் மாமா" என்றான் ஹரி. போதுமான தண்ணீர் குடித்தார்களா என்று அதில் தெரியுமாம். பிறகு ஒருவன் ராத்திரி நாலு மணி நேரம்தான் உறங்கினேன் என்றான், அவனைப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டான். "உறங்கறதுக்கும் கோச்சா?" என்று என் காதில் கேட்டார்.

அதோடு நின்றிருந்தால் போகட்டும். வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜி முடிந்து, நட்சத்திரம் கேட்கிற நல்ல நேரத்தில், அவர் நாற்காலிக் கைகளை அமுக்கி "நாராயணா" என்று முனகி எழுந்தார். நம் பிள்ளை பார்த்துவிட்டான். "மாமா, ஒருக்கா உக்காருங்கோ. கையை மார்ல கட்டிண்டு எழுந்திருங்கோ பாப்போம்." மூன்று தடவையும் நாற்காலியே ஜெயித்தது. "தொடையில பலமே இல்லை மாமா. நாற்காலியில ரெண்டு தலகாணி போட்டு, தெனம் பத்து தடவை உக்காந்து எழுந்திருங்கோ. அப்பறம் தலகாணியை ஒண்ணொண்ணா எடுத்துடலாம்."

விசுவநாதன் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் மாப்பிள்ளைக்கு மார்க் போட வந்தேன். அவர் எனக்குப் பூஜ்யம் போட்டுட்டார்" என்று சொல்லிப் போனவர்தான், அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"ஏண்டா, பொண்ணோட அப்பாவையா டெஸ்ட் பண்ணுவா?" என்று கமலாக்ஷி அழுதாள். "முட்டு ஆரோடதா இருந்தா என்னம்மா?" என்கிறான்.

ஆகையால், அப்பு, உன் கம்பெனியில் அவனுக்கு ஒரு வேலை பார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே வேண்டாத வேலையாக இருக்கட்டும். நூறணியில் அதற்குத்தான் பெண் கொடுப்பார்கள்.

அம்ருதாவுக்கும் குழந்தைகளுக்கும் தீர்க்காயுசும் நல்ல பசியும் உண்டாகட்டும்.

உன் அத்திம்பேர்,
ராமநாதன்

பி.கு: கவரை ஒட்டும்போது விசுவநாதன் போன் செய்தார். நேற்று சாஸ்தா ப்ரீதிச் சாப்பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்தாராம். பாயசம் முடிந்தால் இரண்டு பேர் வந்து தூக்கிவிடுவது வழக்கம். அவர்கள் வருவதற்குள் தானே எழுந்து கை அலம்பிவிட்டாராம். "மூணு வாரம் ஆத்துல ஆருக்கும் தெரியாம பண்ணினேன். தலகாணியிலேர்ந்து மணை வரைக்கும் இறங்கியாச்சு. அடுத்தது என்னன்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுங்கோ." விஷ்ணுப்ரியாவுக்கு எப்போதோ சம்மதமாம். நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். ஒரே நிபந்தனை, பையன் இந்த வேலையை விடக் கூடாது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. உன் கம்பெனியில் வாயைத் திறக்காதே. ஹரி சொன்ன அடுத்த பாடம் உன் வயதுக்கும் பொருந்துமாம்: நாளைக் காலை பல் தேய்க்கும்போது, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று பார்.