எடுத்தால் இடம் போய்விடும்

பம்பாயில் கார் வாங்குவது சுலபம். பழைய கார் என்றால் இன்னும் சுலபம். விற்கிறவன் சாவியைக் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். வாங்கிய காரை நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம். இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. வாங்கின பிறகு எல்லாரும் சொல்வார்கள்.

நான் தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் வீடு. எங்கள் கல்லி ஒரு சந்து, எதிரே ஒருவர் குடை பிடித்து வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறவன் ஏன் கார் வாங்கினான் என்று கேட்கலாம். என் மனைவி முத்துலெட்சுமியும் கேட்டாள். (பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கியிருந்தார். அது பதில் என்றால் அதுதான்.)

முதல் சில வாரங்கள் நான் கார் ஓட்டியதைவிட அதைத் தேடியதுதான் அதிகம். ஒரு நாள் டெப்போவுக்குப் பின்னால் நிறுத்துவேன். ஒரு நாள் சயான் பக்கம் பாலத்தடியில். மறுநாள் எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துவிடும். வீட்டிலிருந்து காருக்குப் போக பஸ் பிடித்த நாளும் உண்டு.

அப்புறம் ஒரு நாள் மெயின் ரோட்டில், எங்கள் கல்லி முனையிலேயே, மின்சாரப் பெட்டிக்கும் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கும் நடுவில் ஒரு இடம் கிடைத்தது. காருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. உள்ளே நுழைத்து, இறங்கி, பூட்டி, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அங்கேயே ஒரு முடிவு செய்தேன். இனிமேல் காரை எடுப்பதில்லை.

சிரிக்க வேண்டாம். எடுத்தால் இடம் போய்விடும். தாராவியில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. யாராவது கொஞ்சம் நகர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். மாதுங்காவுக்குப் பூ வாங்கப் போனால் பஸ்ஸில் போனேன். செம்பூரில் கல்யாணம் என்றால் டாக்சி. கார் வைத்திருக்கிறவன் படும் பாட்டை டாக்சிக்காரரிடம் சொல்லிக்கொண்டே போவேன். அவரும் பாவம் என்பார்.

எடுக்காமல் இருக்கப் பழகிவிட்டால் கார் மிகவும் உபயோகமான பொருள். டிக்கியில் அரிசி மூட்டையும் பெரிய பாத்திரங்களும் இருந்தன. பின் சீட்டில் என் மகள் கோமதி பரீட்சைக்குப் படித்தாள். கதவைச் சாத்தினால் கல்லிச் சத்தம் பாதி குறையும். முன் கண்ணாடிக்குக் கீழே மோர் மிளகாய் காய்ந்தது. மொட்டை மாடி இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல வெயில் கிடையாது. மத்தியானம் நான் கொஞ்ச நேரம் சாய்ந்து படுப்பேன். எதிர்வீட்டு ஜைனபு அக்கா துணிக்கொடியின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையைக் காரின் பின்பக்கத்திலும் கட்டிக்கொண்டார். என்னைக் கேட்டுத்தான் கட்டினார்.

"தம்பி, நீங்க வண்டிய எடுக்க மாட்டியளே?"

மாட்டேன் என்று சொன்னேன். அது சத்தியமான வார்த்தை.

இப்படி இருக்கும்போதுதான் கோமதிக்குத் தாணேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

கொண்டுவந்தது என் மச்சினன் ஐயப்பன். பையன் பெயர் செந்தில், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அவன் அப்பா பால்பாண்டி அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். அவரைப் பற்றி ஐயப்பன் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தான். இதற்கு முன்னால் அவர்கள் பெண் பார்க்கப் போன இடத்தில், பக்கத்துக்காரர் ஃபிளாட்டைத் தங்கள் ஃபிளாட் என்று காட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சி குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். செம்பு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. எழுந்து போய்விட்டார். அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை. சொன்னதில் ஒன்று பொய் என்றாலும் சம்பந்தம் கிடையாது.

"நீ என்னல சொல்லிருக்க?" என்று கேட்டேன்.

"உள்ளதத்தான் அத்தான். சொந்தப் பட்டறை, பிள்ளை பி.காம், கார் இருக்கு."

எல்லாம் உண்மை. ஆனாலும் மூன்றாவது உண்மை எனக்குக் கொஞ்சம் இடித்தது.

கோமதி முன்னால் வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி வேண்டாம் என்றவள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. போட்டோவைப் பார்த்தாள், ஐயப்பனிடம் பையனின் போன் நம்பர் வாங்கிக்கொண்டாள், பேசாமல் போய்விட்டாள். அவள் என்னைக் கொண்டு பிறந்தவள். பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் இந்த இடம் தவறக் கூடாது என்று எனக்கும் மனதுக்குள் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, அப்பா, பையன் மூன்று பேரும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. பால்பாண்டி அண்ணாச்சி என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்செல்லாம் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பிடித்துப் போய்விட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாயால் சொல்வதற்கு முன்னால் செம்பூர் முருகன் கோயிலில் பூ கேட்க வேண்டும் என்றார் பையனின் அம்மா. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சன்னிதியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விடலாம் என்றார்.

அண்ணாச்சி வாட்சைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் முழு வாக்கியம் பேசினார்.

"உங்க கார்லயே போயிட்டு வந்துருவோமே."

முத்துலெட்சுமி என்னைப் பார்த்தாள். ஐயப்பன் கூரையைப் பார்த்தான். நான் போவோம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஐயப்பனைத் தனியே கூப்பிட்டு வேலை கொடுத்தேன். கார் நகர்ந்த அடுத்த நொடி அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். நாங்கள் திரும்புகிற வரைக்கும் யார் கேட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. அவன் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தான்.

காரிலிருந்து என் தலையணையையும் கோமதியின் புத்தகங்களையும் இறக்கினோம். பையனின் அம்மா எல்லாவற்றையும் கவனித்தார். முத்துலெட்சுமியும் அவரும் பின்னால் ஏறினார்கள். மோர் மிளகாய்த் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்த அண்ணாச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை.

"பாட்டரி," என்றேன். அண்ணாச்சி மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாராவியில் வண்டி தள்ள ஆள் கூப்பிட வேண்டியதில்லை. தானாக வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் முந்தி ஓடிவந்தது பையன் செந்தில். புதுச் சட்டை கசங்குவதைப் பார்க்காமல் தோளைக் கொடுத்தான். இப்போதே இவ்வளவு பொறுப்பா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. (அந்தப் பெருமையை அப்புறம் பாதி திருப்பி எடுத்துக்கொண்டேன்.) மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று டயர் ஒரு பக்கம் சப்பையாகிப் போயிருந்தது. கார் நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்தது.

பின்னால் பெண்கள் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஜைனபு அக்காவின் துணிக்கொடியும் எங்களோடு வந்துகொண்டிருந்தது. இரண்டு லுங்கி, ஒரு பெட்ஷீட், நீளமாக ஒரு புடவை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஊர்வலமா என்று யாரோ கேட்டார்கள். ஜைனபு அக்கா மட்டும் நிதானமாக ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

"எடுக்க மாட்டேன்னு சொன்னியளே தம்பி."

ஐயப்பன்தான் ஓடி வந்தான், கொடியை அவிழ்க்க. நல்ல மனசு. ஆனால் நாற்காலியையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த நேரம் போதும். சரக்கு டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்து அந்த இடத்தில் ஏறிவிட்டது. நான் கத்தினேன். டிரைவர் இறங்கி, பூட்டி, காலியாக இருந்தது, போட்டேன் என்று இந்தியில் சொன்னான். நியாயம்தான். நானும் அப்படித்தான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

கார் ஓடவில்லை. இடமும் போய்விட்டது. நடு ரோட்டில் நிற்கிறோம். பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. கோயில் நடை சாத்த நேரம் ஆகிக்கொண்டிருக்கிறது. மாடி ஜன்னலில் கோமதி நிற்பது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லுங்க அண்ணாச்சி. இது ஓடுத காரா, இல்ல எங்களுக்குக் காட்டுத காரா?"

பொய் சொல்ல எனக்கு வராது. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றியிருக்காது.

"ஓடும் அண்ணாச்சி. எடுத்தா இடம் போயிரும். அதான் எடுக்கல. நான் எங்க போனாலும் டாக்சிலதான் போறேன்."

சொல்லி முடித்ததும் அது எனக்கே பொய் மாதிரி இருந்தது. பக்கத்துக்காரர் ஃபிளாட்டைக் காட்டினவர்களே கொஞ்சம் நம்புகிற மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நீங்களும் சொல்லிருங்க," என்றார் அவர்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"எங்க வண்டி தாணேல நிக்கு. ரெண்டு தீவாளி ஆச்சு எடுத்து. எடுத்தா கீழ்வீட்டுக்காரன் போட்டுருவான். இங்க டாக்சிலதான் வந்தோம். நீங்க பாத்துரக் கூடாதுன்னு முன்னாலயே எறங்கி நடந்து வந்தோம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவர் மோர் மிளகாய்த் தட்டைப் பின்னால் மனைவியிடம் கொடுத்தார். இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். செந்திலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "ம்" என்றார். கல்லியே சேர்ந்து தள்ளியது. பஸ்ஸிலிருந்தும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். (அவர்களுக்கு வேறு வழி இல்லை.) இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். கார் ஒரு குலுக்கு குலுக்கி, கறுப்பாகப் புகையைத் துப்பி, பிடித்துக்கொண்டது. வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி சம்பந்தி ஓடிவந்து ஏறினார். செந்திலை அங்கேயே விட்டுவிட்டோம் என்பது சயான் தாண்டித்தான் ஞாபகம் வந்தது.

"நிறுத்திராதிய," என்றார் சம்பந்தி. அது ஒன்றுதான் வழியெல்லாம் சொன்னார்.

ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்சிலேட்டரில், கிளட்சுக்கு எந்தக் கால் என்று தெரியாமல் செம்பூர் வந்து சேர்ந்தோம். கோயில் தெருவில் நிறுத்த இடம் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை, எப்படி இருக்கும்? நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்க முடியாது. நீங்கள் இறங்குங்கள், நான் சுற்றுகிறேன் என்றேன். ஊர்கிற காரிலிருந்து மூன்று பேரும் குதித்தார்கள். பையனின் அம்மா மிளகாய்த் தட்டைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

நான் சுற்றினேன். கோயில், டீக்கடை, மருந்துக்கடை, ஒரு பெரிய கட்டடத்து வாசல், மறுபடி கோயில். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சலாம் வைக்க ஆரம்பித்தார். உள்ளே என் மகளின் கல்யாணம் முடிவாகிறது. நான் வெளியே பெட்ரோலை முடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சுற்றில் பார்த்தேன், கோயில் கதவில் ஒன்றைச் சாத்திவிட்டார்கள். இவர்கள் உள்ளே இருக்கிறார்களா, நேரமாகிவிட்டதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களா, தெரியவில்லை. போன் சட்டைப் பையில் அடித்தது. எடுக்கக் கை இல்லை.

அடுத்த சுற்றில் முத்துலெட்சுமி வாசலில் நின்றாள். கையை உயரத் தூக்கியிருந்தாள். கையில் பூ. வெள்ளை.

நிறுத்த முடியவில்லை. பின்னால் பெரிய வரிசை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். நான் பார்த்தேனா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம்.

அந்த ஒரு சுற்றை மெதுவாக ஓட்டினேன். முன் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. வைப்பரைப் போட்டேன். மழை இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் வந்து பார்த்தார். ராத்திரி முழுக்க உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது, போன் சார்ஜர் வேறு செருகியே இருக்கிறது, யார் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தது என்று கேட்டார். கோமதி மின்கம்பத்தைப் பார்த்தாள். செந்தில் தன் ஷூவைப் பார்த்தான். நானும் சம்பந்தியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது.

டெம்போ இன்றைக்கும் எங்கள் கல்லி முனையில் நிற்கிறது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் சம்பந்தி போன் செய்தார். கீழ்வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போகிறார், அவர் இடத்தில் ஒரு செங்கல் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறேன், உடனே வண்டியோடு வாருங்கள் என்றார். போனேன். அதுதான் நான் கடைசியாகக் கார் ஓட்டியது. இரண்டு காரும் தாணேயில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நானும் முத்துலெட்சுமியும் மகளைப் பார்க்க ரயிலில் போகிறோம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருவர் கேட்பார், ரெண்டு சம்பந்தியும் கார்லயா வந்திய என்று. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்பந்தியிடமிருந்து போன் வரும். பேச்சு நீளாது.

"பிள்ளை நல்லாருக்கா," என்பார். "வண்டியும் நல்லா நிக்கு."